பிராணிகளின் நடத்தையும் நோயும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகத் தென்மலை நோக்கிச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில், பாலோடு என்னும் சிற்றூர் இருக்கிறது. வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தைக் காண வருவோர் இவ்வூரை நன்கறிவர். அவ்வளவாகப் பலரும் அறியாத மற்றொரு நிலையமும் இங்குண்டு. கேரள அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த விலங்கு நோய் ஆராய்ச்சி நிலையம் அது. வெறிநோய் என்று ஐயுறப்பட்டு இறந்த நாய், பூனை, பசு முதலியவற்றின் தலைகள் பனிக்கட்டியுடன் பொதியப்பெற்று இந்நிலையத்திற்கு வந்து சேர்கின்றன. மூளையின் சிறு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன்மேல் இட்டு, உருப்பெருக்கியில் நோக்குகின்றனர். வெறிநோய்க் கிருமி இருப்பின் அவ்விடம் பச்சையாக ஒளிர்கிறது. 1958-ல் அமெரிக்காவில் கோல்ட்வாசர், கிஸ்லிங் ஆகிய இருவர் வகுத்த இம்முறையே இன்றளவும் உலகெங்கும் உரைகல்லாக விளங்குகிறது.

இச்சோதனை தரும் விடை திட்டமானது. ஆனால் அது பிராணி மாண்ட பிறகே கிடைப்பது. உயிரோடிருக்கும் நாய்க்கு வெறிநோய் உண்டா இல்லையா என்று ஐயமறக் கூறவல்ல சோதனை ஏதும் வழக்கில் இல்லை. ஆகவே நாய் உயிரோடிருக்கும்போது நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு அதன் நடத்தையில் தோன்றும் மாற்றம் ஒன்றே. அம்மாற்றத்தை முதலிற் காண்பவர் மருத்துவரல்லர். வீட்டிலுள்ளோர், அவர்களுள்ளும் பெரும்பாலும் சிறுவர். "நாய்க்கு இன்று என்னவோ கோபம்" என்றோ, "பூனைக்கு வயதாகிவிட்டது" என்றோ அவர்கள் தாமே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு அதனை மறந்துவிடுவது வழக்கம். நடத்தை குணத்தைச் சார்ந்தது, நோய் உடலைச் சார்ந்தது என்று இரண்டையும் வெவ்வேறாக எண்ணிப் பழகியதால் வரும் கேடு இது.

நோயுற்ற பிராணி ஏன் ஒதுங்குகிறது?

காய்ச்சல் கண்ட நாய் இரை எடுப்பதில்லை. மூலையில் சுருண்டு கிடக்கிறது. உடலை நக்கித் தூய்மை செய்துகொள்வதில்லை. அழைத்தால் எழுந்து வராமல் வாலை மட்டும் அசைக்கிறது. நோயினால் வலுவிழந்து போனமையே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த பெஞ்சமின் ஹார்ட் 1988-ல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை மாற்றிற்று. உடலின் வெப்பத்தை உயர்த்திக் கிருமியை எதிர்ப்பதற்கு மிகுந்த சக்தி செலவாகிறது. அச்சக்தியைச் சேமிப்பதற்காகவே பிராணி அலைந்து திரிவதை நிறுத்தி ஓரிடத்தில் அடங்குகிறது என்று அவர் விளக்கினார். இதன்படி ஒதுங்கிக் கிடத்தல் நோய்க்குப் பணிந்ததன் அறிகுறியன்று. நோயை எதிர்த்து நிற்பதற்கான ஓர் ஏற்பாடு. நோயெதிர்ப்பு உயிரணுக்கள் வெளியிடும் சைட்டோகைன் என்னும் பொருள்கள் மூளைக்குச் செய்தி சொல்லி இந்நடத்தையைத் தோற்றுவிக்கின்றன என்பதும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் திருவனந்தபுரத்து வீடுகளில் இதனைக் காணலாம். எலியின் சிறுநீர் கலந்த நீர் தேங்கிய முற்றத்தில் திரிந்த நாய்க்கு, மலையாளத்தில் எலிப்பனி என்று வழங்கும் எலிக்காய்ச்சல் வரக்கூடும். கண்கள் மஞ்சள் நிறமடைவதற்கு முன்னரே அந்நாய் படியேற மறுக்கும். தசைகள் நோவதால் தூக்கினால் முனகும். உண்ணிகளால் பரவும் இரத்த நோய்களும் இத்தகைய மந்தத்துடனேயே தொடங்குகின்றன. இந்நிலையில் "சோம்பல் பிடித்த நாய்" என்று சொல்லிக் கழித்த இரண்டு நாட்கள் சிகிச்சைக்கு உரிய நாட்களாகும்.

வலியின் செயல் சற்று வேறானது. வலியால் சில பிராணிகள் ஒடுங்குகின்றன, சில சீறுகின்றன. காதில் சீழ் வைத்த நாயின் தலையை அன்போடு தடவப்போகும் குழந்தை கடிபடுகிறது. நாய் பொல்லாதது என்ற பெயரைப் பெறுகிறது. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் 2020-ல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இதன்மேல் ஒளி வீசுகிறது. நடத்தை சரியில்லை என்று நிபுணரிடம் அனுப்பப்படும் நாய், பூனைகளுள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கிற்கு உடலில் எங்கேனும் வலி தரும் நோயிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. சில தொகுதிகளில் இப்பங்கு 80 சதவிகிதத்தை நெருங்குவதாகவும் அவர்கள் கூறுகின்றனர். மூட்டு நோயுள்ள நாய் பட்டாசு ஒலிக்குப் புதிதாக அஞ்சத் தொடங்குவதும், பல் நோயுள்ள பூனை தன்னைத் தொட விடாமையும் இவ்வகையின.

பூனையைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். தன் இடத்தில் சிறுநீர் கழித்துப் பழகிய ஆண்பூனை திடீரென்று வீட்டின் பல இடங்களில் குந்தி முக்குமானால், அதனை அடித்துத் திருத்த முற்படுவோர் பலர். சிறுநீர்த்தாரை அடைபட்டிருக்கக்கூடும். அடைப்பு நீங்காவிடில் இரண்டு மூன்று நாட்களில் பூனை இறந்துவிடும். இதில் திருத்துவதற்கு உரிய குற்றம் ஏதுமில்லை. அன்றே மிருக மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் செய்யத்தக்கது.

வெறிநோய்

மலையாளத்தில் வெறிநாயைப் பேப்பட்டி என்பர். பட்டி என்பது நாய். 'பே' என்பது நம் பேய் என்ற சொல்லுக்கு உறவு. நாய்க்குள் வேறொன்று புகுந்து அதனை ஆட்டுகிறது என்று கண்டவர்கள் இட்ட பெயராகலாம். விஞ்ஞான நோக்கிலும் இப்பெயர் முற்றும் பொருந்தாததன்று. உமிழ்நீர் வழியாகக் கடிவாயிற் புகுந்த வைரஸ், நரம்பின் உட்புறமாக நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஊர்ந்து மூளையை அடைகிறது. அச்சம், சினம், பற்று ஆகிய உணர்ச்சிகளை ஆளும் பகுதிகளையும் அது பற்றுகிறது. அங்கிருந்து நரம்புகளின் வழியே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெருகுகிறது. கடிக்கத் தூண்டும் மாற்றமும், கடியின் வழியே பரவுவதற்கு வேண்டிய கிருமியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அமைந்துவிடுகின்றன. நடத்தையும் நோயும் இவ்வளவு நெருங்கிப் பின்னிய வேறொரு நோயைக் காண்பது அரிது.

வெறிநாய் என்றதும் வாயில் நுரை தள்ளி, கண்கள் சிவந்து, எதிர்ப்பட்டோரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாயையே மனம் நினைக்கிறது. அது பிந்திய நிலை. அதற்கு முன்னர் இரண்டு மூன்று நாட்கள் வேறு வகையான அறிகுறிகள் தோன்றும். கலகலப்பாகப் பழகிய நாய் கட்டிலின் கீழ் இருட்டில் ஒளிகிறது. என்றும் விலகி நின்ற நாய் வலிய வந்து ஒட்டிக்கொண்டு கையை விடாமல் நக்குகிறது. இந்த இரண்டாவது மாற்றமே மிகவும் ஏமாற்றத்தக்கது. அன்பு என்று கருதி அதனை யாரும் அஞ்சுவதில்லை. நக்கும் நாவிலோ கிருமி இருக்கக்கூடும். கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். பழைய கடிவாய் இருந்த இடத்தை நாய் ஓயாது நக்குவதும் கடிப்பதும் உண்டு. கல், மரத்துண்டு, மண் முதலிய தின்னத்தகாதவற்றைத் தின்னும். தொண்டைத் தசைகள் தளர்வதால் குரல் மாறிக் கரகரக்கும். ஆகவே நாய் இன்னபடி இருந்தால் வெறி என்று உருப்போட்டு வைப்பதைக் காட்டிலும், நேற்றிருந்ததற்கு மாறாக இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

நாய் தண்ணீர் குடிக்கிறது, ஆகையால் வெறியில்லை என்று முடிவு கட்டுவது நம் நாட்டில் வேரூன்றிய ஒரு தவறு. நீரைக் கண்டு நடுங்குதல் வெறிநோயுற்ற மனிதருக்கு உரிய அறிகுறி. விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இசிவதால் அது உண்டாகிறது. நாய் நீருக்கு அஞ்சுவதில்லை. வெறிகொண்ட நாய் குளத்தில் நீந்திக் கடப்பதும் உண்டு. பின்னால் விழுங்க இயலாமற் போகிறதே தவிர, நீர்க் கிண்ணத்தில் அது வாய் வைக்கும். இந்தக் கிண்ணச் சோதனையை நம்பிச் சிகிச்சையைக் கைவிடுவது உயிருக்கே உலை வைக்கும்.

மற்றொரு வகை வெறிநோயும் உண்டு. அதனை ஊமை வெறி எனலாம். இதில் நாய் யாரையும் துரத்துவதில்லை. கீழ்த்தாடை தளர்ந்து தொங்கும், வாய் திறந்தபடியே உமிழ்நீர் வழியும், பின்னங்கால்கள் இழுபடும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்றெண்ணி இரக்கமுள்ள வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுகிறார். பசுவிலும் இதே ஏமாற்றம் நேர்கிறது. வெறிநோயுற்ற பசு தீனி எடுக்காமல், குரல் கம்மக் கதறிக்கொண்டு, முக்கிக்கொண்டு நிற்கும். தேங்காயோ கிழங்கோ அடைத்துக்கொண்டது என்று கருதி முழங்கை வரை உள்ளே விடுகின்றனர். கால்நடைப் பணியாளர்களே இவ்வாறு கிருமிக்கு ஆட்படுவதுண்டு. கையுறையின்றி எந்தப் பிராணியின் வாயிலும் கை வைக்கலாகாது. கதறும் பசுவாயின் கையுறையோடும் தயங்க வேண்டும். (காய்ச்சிய பாலில் இவ்வைரஸ் உயிரோடிராது. பாலைப் பற்றியே பலரும் முதலிற் கேட்கின்றனர்; கை வைத்தவரைப் பற்றிக் கேட்பவர் குறைவு.)

இவ்வறிகுறிகள் கண்ட பிராணி யாவும் வெறிநோயுற்றவை என்று கொள்வதற்கில்லை. தடுப்பூசி போடாத நாய்க்குட்டிகளைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் நோயிலும் மூளை பாதிக்கப்பட்டுத் தாடை துடிக்கும், வாயில் நுரை தள்ளும். நஞ்சு உட்கொண்டாலும், தலையில் அடிபட்டாலும் நடத்தை மாறும். எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவரின் பணி. களப்பணியாளரும் ஆசிரியரும் அப்பொறுப்பைத் தாமே ஏற்கத் தேவையில்லை. மாற்றத்தைக் கண்டதும் பிராணியை அடைத்து வைத்து, பிறரை விலக்கி, செய்தியைச் சேர்ப்பித்தால் அவர்கள் பணி நிறைவேறியது.

கடித்த பின்

கடித்த நாயைப் பத்து நாட்கள் கவனிக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அதன் காரணம் தெரியாமையால் அது தவறாகக் கையாளப்படுகிறது. அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே உமிழ்நீரில் வைரஸ் வந்துவிடுகிறது. அறிகுறி தோன்றிய பின் நாய் ஒரு சில நாட்களில், பெரும்பாலும் பத்து நாட்களுக்குள், இறந்துபோகிறது. எனவே பத்தாம் நாளிலும் நாய் நலமாக இருக்குமானால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருக்க முடியாது. பூனைக்கும் இது பொருந்தும். ஆனால் இது சிகிச்சையைத் தொடங்குவதற்கு உரிய காத்திருப்பு அன்று. கடிபட்ட உடனே புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று, முதல் ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு நாயைக் கவனிக்கலாம். சிகிச்சையைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர் அப்போது முடிவு செய்வார்.

கூட்டங் கூடி அந்நாயை அடித்துக் கொன்றுவிட்டால் பத்து நாள் விடையும் கிடைக்காது. மண்டை சிதைந்துவிட்டால் பாலோட்டு ஆய்வுக்கூடத்தின் விடையும் கிடைக்காது. இறந்த பிராணியின் தலையைப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரே பிரித்தெடுக்க வேண்டும். அதனைப் பனிக்கட்டியில் குளிர வைத்து அனுப்புவது முறை. உறைய வைத்தலும் பார்மலினில் இடுதலும் ஒளிர் சோதனைக்குத் தடையாகும்.

ஊசியைப் பற்றிய அச்சம் இன்னும் முற்றும் நீங்கவில்லை. 1885-ல் பாரிசில் பாஸ்டர் தொடங்கிய சிகிச்சை, 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் நிறுவப்பட்ட நிலையங்களின் வழியே இந்தியாவுக்கு வந்தது. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய ஆட்டு மூளைத் தடுப்பு மருந்து, வயிற்றில் வரிசையாகப் போடும் 14 ஊசிகள் என்ற நினைவைத் தலைமுறை தலைமுறையாக விட்டுச்சென்றது. அம்மருந்து இந்தியாவில் 2004-ல் கைவிடப்பட்டது. இப்போது வழங்குவது உயிரணு வளர்ப்பில் உண்டாக்கும் மருந்து. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் கைகளில் போடப்படுகிறது. 

இரத்தம் கசியும் கடியாயின் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரமேனும் பிடிக்கும். அதற்குள் கிருமியைப் புண்ணிலேயே மடக்குவதற்கு இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருளைப் புண்ணுக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தலை, முகம், கழுத்து, விரல்கள் ஆகிய இடங்கள் நரம்பு செறிந்தவை. அங்கே பட்ட கடியில் கால அவகாசம் குறைவு. குழந்தைகள் உயரத்தில் சிறியவர்களாதலின் அவர்களுக்கு இவ்விடங்களிலேயே கடி விழுகிறது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் சிலர் கேரளத்தில் இறந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் உயிர்நீத்தாள். ஊசியால் பயனில்லை என்ற பேச்சு அதையொட்டி எழுந்தது. அப்பேச்சு ஆபத்தானது. உரிய நேரத்தில் முறையாகச் செய்யப்பெற்ற சிகிச்சை ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றுகிறது. நோயின் அறிகுறி தோன்றிய பின்னரோ காப்பாற்றுவதற்கு வழி அநேகமாக இல்லை.

வீட்டு நாயும் பள்ளிச் சிறுவரும்

வெறிநோய் என்றால் தெருநாயின் பிரச்சினை என்று எண்ணுவோர்க்கு ஒரு கணக்கு உதவும். 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தெருநாய்கள் ஏறத்தாழ 2.9 இலட்சம், வீடுகளில் வளர்க்கப்படுவன ஏறத்தாழ 8.3 இலட்சம். தெருநாய் கடித்து வெறிகொண்ட வீட்டு நாயைத்தான் குழந்தைகள் கட்டித் தழுவுகின்றனர். பகலில் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிடும் நாய், குப்பைமேட்டுக்குப் போய்வரும் பூனை ஆகியவற்றைத் தெருவோடு சேர்த்தே எண்ண வேண்டும். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, ஒரு மாதத்தில் மற்றொன்று, பின்னர் ஆண்டுதோறும் என்பது பொதுவான முறை. திருவனந்தபுரம் மாவட்டத்து அடிமலத்துறைக் கடற்கரையில் 2021-ல் வளர்ப்பு நாயொன்று கொடுமையாகக் கொல்லப்பட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, வளர்ப்புப் பிராணிகளை உள்ளாட்சி மன்றங்களில் பதிவு செய்விக்க உத்தரவிட்டது. பதிவுச் சீட்டு தடுப்பூசிக்கும் நினைவூட்டாகப் பயன்படுவது நன்மையே.

நாடு முழுமைக்கும் நோக்கினால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2022–23-ல் 15 மாநிலங்களின் 60 மாவட்டங்களில் நடத்திய ஆய்வு, ஆண்டுதோறும் சுமார் 91 இலட்சம் பேர் பிராணிகளால் கடியுறுவதாகவும், ஏறத்தாழ 5,700 பேர் வெறிநோயால் இறப்பதாகவும் மதிப்பிடுகிறது. இவ்வெண்ணிக்கை குறையக்கூடியதே என்பதற்குக் கோவா சான்று. அங்கு 2013-க்குப் பின் ஆண்டுதோறும் நாய்களுள் 70 சதவிகிதத்திற்குத் தடுப்பூசி போடும் குறிக்கோளுடன் வேலை நடந்தது. அதனோடு, நடத்தை மாறிய நாயைப் பற்றி எவரும் தொலைபேசியில் அறிவிக்கலாம். ஒரு குழு விரைந்து வந்து பார்க்கும். பள்ளிதோறும் பாடமும் நடத்தப்பட்டது. 2019 வரையிலான காலத்தில் நாய்களின் மாதாந்தர வெறிநோய் எண்ணிக்கை 92 சதவிகிதம் குறைந்தது. 2018 முதல் மூன்றாண்டுகள் மனிதர் ஒருவரும் இந்நோயால் இறக்கவில்லை. ஊசி போட்டவர்களின் உழைப்பு பெரிது. ஆயினும் "எங்கள் தெரு நாய் ஒருமாதிரியாக இருக்கிறது" என்று அறிவித்தவர்களின் பங்கையும் இதிற் சேர்க்க வேண்டும்.

அறிவிப்பவர்களுள் பள்ளிச் சிறுவர் முதன்மையானவர். எந்த வீட்டு நாய் குட்டி போட்டது, எது நொண்டுகிறது, எது நேற்றிலிருந்து குரைக்கவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நாய்க்குட்டி நகத்தால் கீறியதை அவர்கள் வீட்டில் சொல்வதில்லை. கூடாதென்று சொன்ன குட்டியைத் தூக்கினாய் என்று ஏச்சு விழும்; ஊசி போடுவார்கள்; குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இம்மூன்று அச்சங்களும் அவர்களுக்கு நியாயமானவையே. ஆகையால் வகுப்பில் அறிகுறிகளின் பட்டியலை ஒப்பிக்கச் செய்வதற்கு முன், கீறல்பட்டதைச் சொன்னால் ஏச்சு கிடையாது என்ற உறுதியை ஆசிரியர் தரவேண்டும். பெற்றோர் கூட்டத்திலும் அதையே வற்புறுத்த வேண்டும். திங்கட்கிழமை காலையில் "விடுமுறையில் யார் வீட்டு நாயாவது, பூனையாவது, பசுவாவது வழக்கத்துக்கு மாறாக இருந்ததா? உங்களில் யாருக்காவது கடியோ கீறலோ பட்டதா?" என்று கேட்க இரண்டு நிமிஷம் போதும். கிடைக்கும் விடைகளுள் பெரும்பாலானவை காதுச் சீழாகவும் உண்ணிக் காய்ச்சலாகவுமே இருக்கும். அவற்றுக்கும் மருந்துண்டு, பக்கத்து மிருக மருத்துவமனையின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பலாம். கடியோ கீறலோ பட்டதென்று ஒரு கை உயர்ந்தால், முதல் மணி அடிக்கக் காத்திராமல் அந்தக் குழந்தையைக் குழாயடிக்கு அழைத்துச் சென்று சோப்பிட்டுக் கழுவச் செய்து, பெற்றோருக்குச் சொல்லியனுப்பி, ஊசி இருக்கும் மருத்துவமனைக்கு அன்றே சேர்ப்பிக்க வேண்டும். சனிக்கிழமை பட்ட கீறலாயினும் இதுவே முறை.